நியமிக்கப் போட்டி, நிதி தர யார்?

1913-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராக இருந்த, பட்டம் பெறாத ஓர் இளைஞரை, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி மாணவராக ஏற்றது. மறு ஆண்டு அந்த இளைஞர், கணித மேதை ராமானுஜன், கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று மதிப்பிட்ட தமிழ் லெக்சிகன் அகராதிப் பணியை, செலவு நான்கு லட்சத்தைத் தாண்டிய பிறகும் கைவிடாமல் 1936-இல் ஆறு தொகுதிகளாக முடித்துக் கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம்தான். விளைவு எப்போது வரும் என்று தெரியாத வேலைக்குப் பொறுமையோடு பணம் கொடுத்த இடம் அது.

2024 பிப்ரவரியில் அதன் வங்கிக் கணக்குகளை வருமானவரித் துறை முடக்கியது. கேட்ட தொகை சுமார் 424 கோடி ரூபாய். பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. இங்கே மாநில அரசின் மானியம் மொத்த வருவாயில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதால் விலக்கு பொருந்தாது என்பது துறையின் வாதம். மாநிலம் கையைச் சுருக்கியது. அந்தச் சுருக்கத்தையே காரணமாகக் காட்டி ஒன்றிய அரசின் துறை மிச்சத்துக்கும் பூட்டுப் போட்டது. நடுவில் அகப்பட்டவர்கள் சம்பளம் வருமா என்று காத்திருந்த ஊழியர்களும், பணிக்கொடைக்காக மனுப் போட்டு அலையும் ஓய்வுபெற்றவர்களும்.

சேப்பாக்கத்தில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகம் ஏன் இப்படி வறண்டது? பொறியியல் 1978 முதல் படிப்படியாக அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது. மருத்துவம் 1988-இல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும், சட்டம் 1997-இல் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும், வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கும் போயின. ஒவ்வொன்றுக்கும் நியாயமான தேவை இருந்தது. ஆனால் ஒவ்வொரு பிரிவினையிலும் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கூடவே போயின. பல்கலைக்கழகத்தின் ஓய்வூதியச் சுமை இங்கேயே தங்கியது. 1981-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி பல ஆண்டுகள் அந்தப் பள்ளத்தை நிரப்பியது. பிறகு அந்த வருமானமும் குறைந்தது. அரசு மானியமோ தணிக்கை ஆட்சேபங்களில் சிக்கிக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் தலைமை நாற்காலியும் காலியானது. ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த பல்கலைக்கழகத்தில், 2023 ஆகஸ்டுக்குப் பிறகு இரண்டு ஆண்டு கடந்தும் துணைவேந்தர் நியமிக்கப்படவில்லை. துணைவேந்தர் தேடல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதி வேண்டும் என்றார் ஆளுநர் ஆர்.என். ரவி; மாநில அரசு ஏற்கவில்லை. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2022 ஏப்ரலில் நிறைவேறின. 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம், பிற பல்கலைக்கழகங்களுக்கான மசோதாக்களுக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்றது. மே 21-இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. இதற்கிடையே உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையிலான குழு நிர்வாகத்தைப் பார்த்தது. பேராசிரியர் தேர்வுக் குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் துணைவேந்தர். அவர் இல்லாவிட்டால், பாதிக்கும் மேல் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்கள் எப்படி நிரம்பும்?

துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற கேள்வி அற்பமானது என்று நான் சொல்லவில்லை. மாநில மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகத்தில் மாநிலத்துக்கே முதல் உரிமை என்று நம்புகிறேன். ஆனால் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள், நிதிப் பொறுப்புக்காக அந்த வேகத்தில் நிதித் துறை வரைகூடப் போகவில்லை.

மயிலாப்பூர் எல்லையில், கடற்கரைச் சாலையில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரியை நினைத்துப் பார்க்கிறேன். 1914-இல் பெண்களுக்காகத் தொடங்கிய அந்தக் கல்லூரியை அப்புறப்படுத்திவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட 2003-இல் ஜெயலலிதா அரசு முடிவெடுத்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகரவில்லை. ஆதரவாக உள்ளே போன மு.க. ஸ்டாலின் கைதானார். கடைசியில் அரசு பின்வாங்கியது. கல்லூரி இன்றும் அங்கேயே இருக்கிறது. இடிக்க வந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததால் ஊர் திரண்டது. மானியம் குறைவது அப்படிக் கண்ணில் படுவதில்லை. ஒரு பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் நிரப்பப்படுவதில்லை, ஆய்விதழுக்கான சந்தா நிற்கிறது. எந்த நாளில் மறியல் செய்வது?

அரசு கலைக் கல்லூரிகளின் நிலையும் வேறல்ல. தியாகராய நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நந்தனம் கல்லூரி இருக்கிறது. இதுபோன்ற கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டமோ நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோ பெற்றவர்கள். 2019-இல் யுஜிசி மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. தமிழக அரசு கொடுத்துவந்தது 25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். வேலை நிலையில்லாத ஒருவர், வகுப்பில் அரசின் கொள்கையை விமர்சித்துப் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கத் தனி உத்தரவு எதுவும் தேவையில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தேதி போதும்.

அடுத்த மானியக் கோரிக்கையில் உயர்கல்வித் துறை வரும்போது மயிலாப்பூர், தியாகராய நகர், வேளச்சேரி, சேப்பாக்கம் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பல்கலைக்கழக ஓய்வூதியத்தை அரசுக் கருவூலம் எப்போது ஏற்கும்? செலவில் பாதிக்கு மேல் அரசு தரும் என்பதை எப்போது சட்டத்தில் எழுதுவீர்கள்? இதற்கு ஆளுநரின் தேடல் குழுவும் வேண்டாம், நீதிமன்றத்தின் தீர்ப்பும் வேண்டாம். மாநில அரசின் பட்ஜெட்டில் ஒரு வாக்கியமும் ஒரு சட்டத் திருத்தமும் போதும்.