ஓதத்தை வென்ற கதவுகள்

ஆற்றங்கரையில் கப்பலைக் கட்டி நிறுத்துவது எளிய செயல் என்று நாம் நினைக்கலாம். இலண்டனின் தேம்ஸ் ஆற்றில் அது எளிதாக இருக்கவில்லை. இலண்டன் கடற்கரை நகரம் அன்று; ஆயினும் கடலின் ஓதம் ஆற்றின் வழியே நாள்தோறும் இருமுறை அங்கு ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், இலண்டன் பாலத்தருகே உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 7 மீட்டர். இது இரண்டு மாடி வீட்டின் உயரம்! நீர் வடிந்ததும், கரையோரக் கப்பல் சேற்றில் அமர்ந்துவிடும். ஆகவே 18ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் நடு ஆற்றில் நின்று, சிறு படகுகளில் சரக்கை இறக்கின. நெரிசலும் திருட்டும் மிகுந்தன.

இதற்குத் தீர்வு என்ன? கரைக்கு உள்ளே பெரிய குளம் வெட்டி, உயர் ஓதத்தின்போது வந்த நீரை வடியவிடாமல் கதவிட்டு அடைத்துவிடுவதே! ஆறு குதிரை லாடம் போல் வளையும் 'ஐல் ஆஃப் டாக்ஸ்' என்னும் பகுதியில் 1802இல் மேற்கிந்தியக் கப்பல்துறை இவ்வாறு திறக்கப்பட்டது. கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை இங்கு வந்து குவிந்தது.

இக்கதவுகளின் அமைப்பைக் கவனியுங்கள். இரு கதவுகளும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. குளத்து நீரை நோக்கிக் கூம்பியவாறு ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1 டன். எனவே உள்ளும் புறமும் நீர்மட்டம் 7 மீட்டர் வேறுபட்டால், கதவின் அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு 7 டன் எடைக்குச் சமமான விசை செயற்படும். அவ்விசையே கதவுகளை நெருக்கி இறுக மூடுகிறது! தாழ்ப்பாளின் வேலையை நீரே செய்துவிடுகிறது.

கப்பல்கள் வளர வளர, 1855, 1880, 1921 ஆகிய ஆண்டுகளில் கிழக்கே மேலும் பெரிய துறைகள் திறக்கப்பட்டன. ஆனால் கதவின் அகலம் கப்பலின் அகலத்திற்கு எல்லை வகுத்தது. 1960களில் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய பெருங்கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு ஆழமான நீரும், பெட்டகங்களை அடுக்கப் பரந்த வெளியும் தேவை. பலர் நாட்கணக்கில் சுமந்து இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கிகள் விரைவில் இறக்கின. வாணிபம் கடலுக்கு அருகிலுள்ள டில்பரிக்கு நகர்ந்தது. 1967க்கும் 1981க்கும் இடையில் பழைய துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தலைமுறைகளாக மூட்டை சுமந்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

பின்னர் அங்கே 1987இல் விமான நிலையமும், 1991இல் கேனரி வார்ஃப் வானளாவியும் எழுந்தன. சர்க்கரைக் கிடங்குகள் நின்ற கரையில் இப்போது வங்கிகள் நிற்கின்றன. ஆனால் அவற்றின் நிழல் விழும் குளத்து நீரை, ஆற்றின் ஓதத்திலிருந்து இன்றும் கதவுகளே பிரித்துக் காக்கின்றன.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: கதவின் ஒரு பக்கம் 7 மீட்டர் ஆழ நீர், மறுபக்கம் நீரே இல்லை. கதவின் ஒரு மீட்டர் அகலத்தின் மீது செயற்படும் மொத்த விசை எத்தனை டன் எடைக்குச் சமம்?