லைன் வீட்டை விலை பேசும் முன்

கோலார் தங்கவயலில் மலிவாக ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வீடு பேட்டையிலா, லைனிலா?

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டையில் தனியார் பெயரில் உள்ள மனைகளை மற்ற ஊர்களைப் போலவே தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, காத்தா (உள்ளாட்சியின் சொத்து வரிப் பதிவு) பார்த்து வாங்கலாம். லைன் வீட்டின் கதை வேறு.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், கூலிக்கு வந்தார்கள். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம் என்று சுரங்கங்களை ஒட்டி, சுவரோடு சுவர் சேர்ந்த சிறு வீடுகளை நிறுவனம் வரிசை வரிசையாகக் கட்டியது. அவைதான் லைன்கள். வேலை இருக்கும் வரை வீடு என்பது ஏற்பாடு. பின்னர் சுரங்கம் அரசுடைமையானது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-இல் அதுவும் மூடப்பட்டது. வேலை போனது, குடும்பங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்பது முன்னாள் தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. அது முற்றிலும் நியாயமானது.

ஆனால் கோரிக்கை பத்திரமாகாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனையைப் பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே விற்க முடியும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ, பொது அதிகாரப் பத்திரமோ உரிமையை மாற்றாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ரேஷன் அட்டையும் மின் கட்டண ரசீதும் குடியிருப்புக்குத்தான் சாட்சி. வரி ரசீதும் காத்தாவும்கூட உரிமைப் பத்திரம் ஆகா. உரிமையாளர் அனுமதித்துக் குடியிருந்தவருக்கு, தலைமுறைகள் கடந்தாலும், அதனால் மட்டுமே வீடு சொந்தமாகிவிடாது. தமக்கு இல்லாத உரிமையை அவர் உங்களுக்கு விற்கவும் முடியாது. வங்கிக் கடனும் கிடைக்காது.

நிறுவனமே அவர் பெயருக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தால் பேச்சு வேறு. அந்தப் பத்திரத்தின் எண்ணைக் கேட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே சரிபாருங்கள்.

சுரங்க நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சும் ஓயவில்லை. சுமார் ஆயிரம் ஏக்கரில் பரந்த 13 கழிவுமண் மேடுகளை ஏலம் விட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சயனைடு கலந்த அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்துக்குக் கணக்குப் போடும் அரசுகளுக்கு, அதன் தூசியைச் சுவாசித்து வாழ்பவரின் வீட்டுக் கணக்கை முடிக்க இத்தனை ஆண்டுகள் போதவில்லையா?

இந்த இழுபறிக்குப் பயந்து, பெங்களூரில் நெரிசலான பகுதி ஒன்றில் அடுக்குமாடி வீடு வாங்க எண்ணுவோரும் உண்டு. அங்கேயும் கேள்வி மாறாது. பிரிக்கப்படாத நிலப்பங்கு உங்கள் பெயருக்கு எவ்வளவு வருகிறது, திட்டம் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பது ரெரா சட்டம்.

மத்திய அரசும் மாநில அரசும் லைன் குடும்பங்களுக்குப் பதிவு செய்த பத்திரத்தை உடனே வழங்க வேண்டும். அது கைக்கு வரும்வரை, லைன் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.