பேட்டரி செத்துப் போச்சா? அவசரப்பட்டுப் புதுசு வாங்காதீங்க!

"புது பேட்டரி போட்டு நாலு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள இதுவும் போச்சு!"

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு, துறையூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் புலம்பினார். உள்ளே சின்னவனுக்கு ஜுரம், உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. பைக்கின் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு சரி. கிக்கரும் இல்லாத வண்டி. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? எதிர்வீட்டுப் பெரியப்பா தம்முடைய ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தார். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் இவர் அடுத்த பேட்டரி வாங்கக் கிளம்பினார். பெரியப்பா விடவில்லை. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் எலெக்ட்ரிகல் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்.

"ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி சாகாதுப்பா. பட்டினி போட்டா எந்தப் பிள்ளைதான் எழுந்து நிக்கும்?"

இவர் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டார். பெரியப்பா சொல்லச் சொல்லச் சோதனை பார்த்தது நான்தான்!

பேட்டரியை நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இன்ஜினுக்குள் இருக்கிறது. ஒரு காந்தம் சுற்றுகிறது. அதன் நடுவே ஸ்டேட்டர் என்கிற செம்புக் கம்பிச் சுருள். காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தாரே, அதே சங்கதிதான். அது ஏ.சி. கரண்ட். பேட்டரிக்கு டி.சி.தான் ஆகும். அதை மாற்றி அளவோடு அனுப்புவது ரெகுலேட்டர். மோட்டார் ஏற்றாவிட்டால் எத்தனை புதுத் தொட்டி வைத்து என்ன பிரயோஜனம்?

பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலேயே ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். முள் பிளஸ் பக்கம் சாய்ந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். இப்போது பெரும்பாலான வண்டிகளில் அது இல்லை. போகட்டும், மல்டிமீட்டர் இருக்கிறது. எலெக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

"முதல்ல வளையலைக் கழட்டும்மா. தாலிக்கொடியை உள்ளே போட்டுக்கோ" என்றார் பெரியப்பா. உலோகம் பேட்டரியின் இரண்டு முனையிலும் பட்டால் பொறி பறக்கும், கை வெந்துபோகும். முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொண்டேன். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பக்கத்தில் தீக்குச்சி கூடவே கூடாது.

பகல் பூராவும் அவர் வீட்டு சார்ஜரில் போட்டு, சாயங்காலம் வண்டியில் மாட்டினோம். சற்று நேரம் விட்டு, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸ்ஸிலும் தொட்டேன். 12.6! நல்ல பேட்டரிக்கு உரிய அளவு. செத்துப்போனதாகச் சொன்ன பேட்டரிதான் இது!

அடுத்தது முக்கியமான சோதனை. வண்டியை வாசலில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி (மூடிய ஷெட்டில் வேண்டாம், புகை ஆபத்து) இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதமாகத் திருகி, மறுபடி அதே இடத்தில் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது. எங்கள் வண்டியில் 12.4-ஐத் தாண்டவே இல்லை. பேட்டரி பட்டினிதான்!

இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர்களைத் தேடிப் பிடித்து, நடுவிலிருந்த கப்ளரைப் பிரித்தோம். ஒரு வயரின் முனை, அடிபிடித்த பால் பாத்திரம் மாதிரி கருகி, பிளாஸ்டிக் உருகிப்போயிருந்தது. பெரியப்பா மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, இன்ஜினை ஓடவிட்டு வயர்களை இரண்டிரண்டாக அளந்தார். மூன்று அளவும் ஒன்றுபோல இருந்தன, ஸ்டேட்டர் நல்லது. இதில் ஐம்பது, அறுபது வோல்ட்கூட வரலாம். நான் தள்ளித்தான் நின்றேன், நீங்களும் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

புது கப்ளர் வைத்த செலவு, பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது மீட்டர் 14.1 காட்டுகிறது.

உங்கள் வண்டியில் 15-க்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது; பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றிவிடும், உடனே காட்டுங்கள். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல்கோடு வரை. குழாய்த் தண்ணீரும் ஆசிடும் கூடாது. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், பேட்டரியைக் கழற்றி ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். மூடி வழியே ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது.

அதற்கு முன்னால், 'போச்சு' என்று பழைய விலைக்குக் கடையில் போட்டுவிட்டு வந்த அந்த முதல் பேட்டரி? அதுவும் நல்லதாகவே இருந்திருக்கும் என்கிறார் பெரியப்பா. அந்தப் பேச்சை எடுத்தாலே இவருக்கு இன்னும் வயிறு எரிகிறது!