தாழம்பூக் கரையும் கூறைப் புடவையும்

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்திருக்கும் கீழக்கரை, வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர் என்று தமிழுலகம் நன்கறிந்தது. முத்துக் குளிப்பும் சங்கு வாணிகமும் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த துறைமுகம் அது. இந்தக் கடலடியில் எடுக்கப்பட்ட சங்குகள் கப்பலேறி வங்காளம் சென்றன. அங்கே கைதேர்ந்த சங்கறுப்போர் அவற்றை வட்டமாக அறுத்து, கொடியும் பூவும் செதுக்கி, வெண்ணிற வளையல்களாக்கினர். வங்காளத்து மணமகளுக்கு அந்தச் சங்கு வளையலே சுமங்கலியின் அடையாளம். தென்கோடிக் கடலில் பிறந்த பொருள் வடகோடி இல்லத்தில் மங்கலச் சின்னமாவது, இந்தப் பாரத நாட்டில் இயல்பாக நடந்துவரும் அதிசயங்களுள் ஒன்று.

அதே கீழக்கரையிலிருந்து நிலப்பக்கமாகச் சிறிது தூரம் சென்றால் திருஉத்தரகோசமங்கை வருகிறது. மங்களநாதரும் மங்களேஸ்வரியும் எழுந்தருளியுள்ள தலம். உத்தரம் என்றால் உபதேசம்; கோசம் என்றால் ரகசியம்; மங்கை என்பது அம்பிகை. வேதத்தின் ரகசியத்தை இறைவன் அம்பிகைக்கு உபதேசித்த இடம் என்பது தலப்பெயரின் பொருளாகச் சொல்லப்படுகிறது. மாணிக்கவாசகப் பெருமான் 'நீத்தல் விண்ணப்பம்' பாடியதும் இந்தத் தலத்து இறைவனை முன்னிட்டே.

இந்தக் கோயிலுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. அடிமுடி தேடிய வரலாற்றில் பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னது தாழம்பூ. அதனால் சிவபூஜைக்கு ஆகாது என்று அது விலக்கப்பட்டது. ஆனால், உத்தரகோசமங்கையில் மட்டும் மங்களநாதருக்குத் தாழம்பூ சாத்தப்படுகிறது. தவறு செய்த மலர் இங்கே வழிபட்டு மன்னிப்புப் பெற்றது என்கிறது தலபுராணம். கடலோர மணலில் முள்ளோடு வளரும் தாழைக்கும் இறைவன் திருமேனியில் இடம் கிடைத்த தலம் இது.

அந்தத் தாழம்பூ தமிழ்நாட்டின் மணமேடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. காஞ்சிப் பட்டின் கரையில் ரம்பப் பல் போல வரிசையாகக் கூர்கூராக எழும் வடிவத்துக்குப் பெயர் 'தாழம்பூ ரேக்கு'. ரேக்கு என்றால் இதழ். பாட்டிமார் பலருடைய முகூர்த்தப் புடவையின் கரையில் இந்த இதழ்கள்தாம் இருக்கும்.

புடவையைத் தானே வரையும் மணமகள்

இக்காலத்து மணமகள்களுக்கு ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. கடையில் அடுக்கி வைத்திருப்பதை எடுக்காமல், தன் திருமணப் புடவையைத் தானே வடிவமைக்க வேண்டும் என்பது அது. நிறத்தைத் தானே சொல்கிறாள்; கரையைத் தானே வரைகிறாள்; முந்தானையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் தானே முடிவு செய்கிறாள். இதைக் கேட்கும் பெரியவர்கள் சிலர் நெற்றியைச் சுருக்குவதுண்டு. கூறைப் புடவை என்பது விளையாட்டுப் பொருளா என்பது அவர்கள் கேள்வி.

ஆனால் எண்ணிப் பார்த்தால் இது புதிதன்று. ஆயத்த ஆடைக் கடைகள் பெருகுவதற்கு முன்பு, வசதியுள்ள குடும்பங்கள் நெசவாளரிடம் நேரே சொல்லித்தான் புடவை நெய்யச் செய்தன. இன்ன அரக்கு, இன்ன கரை, இத்தனை முழம் என்று வீட்டுப் பெரியவள் சொல்ல, தறிக்காரர் மனத்தில் குறித்துக்கொள்வார். மயிலாடுதுறையின் பகுதியான கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த புடவைகள் திருமணத்துக்கு மிகுதியாக வாங்கப்பட்டதால்தான் கூறைப் புடவை என்ற பெயரே வந்தது என்பர். ஆகவே பேத்தி இன்று கேட்பது, பாட்டியின் பாட்டிக்கு இருந்த உரிமையைத்தான்.

இராமநாதபுரம் சீமைக்கும் நெசவு அயலானதன்று. பரமக்குடியிலும் அதன் அருகிலுள்ள எமனேசுவரத்திலும் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் நெடுங்காலமாகத் தறி நடத்தி வருகின்றன. சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களில் மன்னரும் மகளிரும் உடுத்தியிருக்கும் பூவேலை ஆடைகளைப் பார்த்தாலே, இந்தச் சீமை துணியின் அழகை எவ்வளவு கருத்தோடு நோக்கியது என்பது விளங்கும்.

கரையும் உடலும் சேரும் இடம்

ஒரு பட்டுப் புடவையை வடிவமைக்க விரும்புவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதன் உடல், கரை, முந்தானை என்னும் மூன்று பகுதிகளும் எவ்வாறு ஒன்று சேர்கின்றன என்பது. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று இருக்கும் அசல் காஞ்சிப் புடவையில், இரண்டும் தறியிலேயே இழையோடு இழை கோத்து இணைக்கப்படுகின்றன. இதற்குக் 'கோர்வை' என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளர் ஒருவரால் மட்டும் ஆகாது; பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை வீசிக் கொடுக்க வேண்டும். முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவு நூலோடு புதிய பாவு நூலை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். அது 'பிட்னி'. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று முதியோர் சொல்வது இந்தக் கோர்வையின் உறுதியைக் கருதித்தான்.

வடிவத்தை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் நூலின் கணக்கு. தாளில் வளைவாகத் தோன்றும் மயிலின் கழுத்தும் தறியில் படிப்படியாகத்தான் ஏறி இறங்கும். பிரான்சு நாட்டின் ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிய துளையட்டைக் கருவி வந்தபின், அந்தக் கட்டங்கள் அட்டையில் துளைகளாயின. ஆகவே வடிவமைக்கும் பெண் தான் வரைந்த படத்தை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. நூலுக்கு எது இசையும் என்பதை நெசவாளரிடம் கேட்டறிய வேண்டும். பணிவு இல்லாமல் இந்தக் கலையில் அழகு வாராது.

பழைய வடிவங்களின் பெயர்களைக் கேட்டாலே அவை எங்கிருந்து வந்தன என்பது தெரியும். கோபுரம், யாளி, அன்னம், மயில்கண், குயில்கண், ருத்திராட்சம், மாங்காய், வைர ஊசி, பாலும் பழமும் கட்டம். கோயில் தூணையும் விமானத்தையும் நந்தவனத்தையும் பார்த்தவர்கள் தறியில் அமர்ந்து படைத்த உலகம் அது.

ருக்மிணி தேவி காட்டிய வழி

இந்த வடிவங்கள் ஒரு காலத்தில் மறையத் தொடங்கின. அவற்றை மீட்டவர்களுள் முதன்மையானவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1904-இல் மதுரையில் பிறந்த அவர், 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். நடனத்துக்கு ஏற்ற ஆடை கடையில் கிடைக்காததைக் கண்டு, தாமே ஆடைகளை வடிவமைத்தார். அடுத்த ஆண்டே அங்கு நெசவுக்கூடமும் அமைந்தது. பழைய புடவைகளின் அகன்ற கரைகளையும் அழுத்தமான நிறச் சேர்க்கைகளையும் கற்று, அவற்றை மீண்டும் தறியேற்றச் செய்தார். கலாக்ஷேத்திராப் புடவை என்று இன்று பெருமையோடு சொல்லப்படுவது அந்த முயற்சியின் பயன். புதுமை என்பது பழையதைத் தூக்கி எறிவதன்று, அதை மறுபடி கண்திறந்து பார்ப்பது என்பதற்கு அவர் பணி சான்று.

பட்டும் அகிம்சையும்

வடிவமைப்பைப் பேசும்போது, ஆன்மிகக் குடும்பங்களில் எழும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. பட்டு நூல் எடுப்பதற்காகக் கூட்டுப்புழுக்கள் உயிரோடு வெந்நீரில் இடப்படுகின்றன. இதனால்தான் காஞ்சி மகாபெரியவர், பட்டு உடுத்த வேண்டாம் என்று பலமுறை அறிவுறுத்தினார். பட்டுக்காகக் கடன் வாங்கித் திருமணச் செலவு பெருகுவதையும் அவர் கண்டித்தார். அவர் சொல்லை ஏற்று, மகளின் திருமணத்தைப் பருத்திப் புடவையிலேயே நடத்திய குடும்பங்கள் உண்டு.

குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுப் புடவை கிடைக்குமா என்று ஒருமுறை வினவினார். ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜய்யா அந்தக் கேள்வியை மனத்தில் ஏற்றார். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துப் பறந்துபோன பிறகு, எஞ்சிய கூட்டிலிருந்து நூல் நூற்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அதுவே 'அகிம்சைப் பட்டு'. அதன் நூல் அறுபட்டதாதலால் நூற்றுத்தான் ஆக வேண்டும். மினுமினுப்பும் சற்றுக் குறைவு. எனினும், தன் திருமணத்தால் ஓர் உயிரும் வாடக் கூடாது என்று கருதும் மணமகளுக்கு அந்தக் குறைந்த மினுக்கே பேரொளி. தானே புடவையை வடிவமைப்பவளுக்கு இந்த முடிவை எடுக்கும் வாய்ப்பும் இருக்கிறது.

முந்தானையில் எது இருக்கலாம்?

மணமக்களின் உருவத்தையும் திருமண அழைப்பிதழையும் முந்தானையில் நெய்வது இன்றைய வழக்கம். சிலர் தெய்வத் திருவுருவங்களையே நெய்யச் சொல்கிறார்கள். பக்தியால் எழும் ஆசைதான். ஆனால் உடுத்தும் ஆடை தரையில் படும். அமரும்போது அடியில் மடியும். துவைக்கும்போது கல்லில் விழும். இதை உணர்ந்தே முன்னோர் சுவாமியின் உருவத்தை நெய்யாமல் கோபுரத்தையும் அன்னத்தையும் தாழம்பூவையும் நெய்தார்கள். இறைவனை நினைவூட்டும், ஆயினும் இறைவனுக்கு அபசாரம் நேராது. பேத்தி தாளில் வரையும்போது பெரியவர்கள் சொல்லித் தர வேண்டிய நுட்பம் இது. வேண்டாம் என்று தடுப்பதைக் காட்டிலும் ஏன் என்று விளக்குவது பயன் தரும்.

பெட்டியில் உறங்கும் புடவை

1840-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி தம் திருமண ஆடைக்கு, நலிந்து கொண்டிருந்த ஹானிட்டன் ஊர் லேஸ் வேலையைத் தேர்ந்தெடுத்தார். கைவினைப் பெண்கள் பலருக்கு அதனால் பிழைப்புக் கிடைத்தது. அவர் அந்த லேஸை வாழ்நாள் முழுதும் போற்றினார்; 1901-இல் மறைந்தபோது மணநாள் முக்காட்டோடுதான் அடக்கம் செய்யப்பட்டார். அரசியானாலும் ஆச்சியானாலும் மணப்புடவையின் மேல் பெண்ணுக்குள்ள பற்று ஒன்றே.

ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? பழைய பட்டு எடுப்பவர் வாசலில் குரல் கொடுக்கிறார். ஐம்பது, அறுபது ஆண்டுப் பழமையுள்ள முகூர்த்தப் புடவை எடை போடப்படுகிறது. அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியில் பொன்முலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகப் புடவை நெருப்பில் இடப்படுகிறது. கோர்வையும் எரிகிறது, கரையின் வடிவமும் எரிகிறது. அந்த வடிவத்தை அறிந்த நெசவாளர் இன்று இல்லையெனில், அது உலகிலிருந்தே மறைகிறது.

அலமாரியில் அத்தகைய புடவை உள்ள மூதாட்டியர் அதை விற்குமுன் ஒரு நாள் பேத்தியின் முன் விரித்துக் காட்டலாம். கரையை நிழற்படம் எடுத்து வைக்கலாம். மடிப்பு மாற்றி, நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் இன்னும் பல ஆண்டு இருக்கும். உடல் நைந்துவிட்டால் கரையை மட்டும் எடுத்துப் புதிய புடவையில் சேர்க்கலாம். குலதெய்வத்துக்குப் பாவாடையாகத் தைத்துச் சாத்தலாம். வடிவமைக்க விரும்பும் பெண்ணுக்குப் பாட்டியின் பெட்டியைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை.

தாம்பாளத்தில் நிறைவு

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை தான் கண்ட திருமணக் கனவை 'வாரணமாயிரம்' பதிகத்தில் தோழிக்குச் சொல்லும்போது, மந்திரம் ஓதி அளித்த புதுப்புடவையைத் தனக்கு உடுத்தியதையும், துர்க்கை வந்து மாலை சூட்டியதையும் மறவாமல் குறிக்கிறாள். அரங்கனையே மணந்தவளுக்கும் ஆடை பிறர் கையால் உடுத்தப்பட்டபோதுதான் மணக்கோலம் நிறைந்தது.

இன்றும் முகூர்த்த வேளையில் கூறைப் புடவை தாம்பாளத்தில் வைக்கப்பட்டுப் பந்தலில் உள்ள பெரியவர்களிடம் வரிசையாகக் கொண்டுவரப்படுகிறது. ஒவ்வொருவரும் அதைத் தொட்டு ஆசி கூறிய பிறகே மணமகள் உடுத்துகிறாள். நிறம் அவள் தேர்ந்ததாக இருக்கலாம்; கரை அவள் வரைந்ததாக இருக்கலாம்; நெய்தவர் எங்கோ ஒரு குழித்தறியில் அமர்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் துணியைக் கூறையாக்குவது, நடுங்கும் விரல்களோடு அதைத் தொடும் முதியோரின் ஆசி. விலக்கப்பட்ட தாழம்பூவையே ஏற்றுக்கொண்ட மங்களநாதர், அந்த ஆசியைப் பலிக்கச் செய்வாராக!