தயிர் உறையக் கட்டிய சிறை

ராத்திரி பாலில் உறை ஊற்றி மூடிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: விடியும்வரை அந்தப் பாத்திரத்தை யாரும் தொடக் கூடாது. அசைத்தால் உறையாது. திறந்து வைத்தால் கண்டதும் விழும். 1829-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை எப்படி இயங்கியது என்று புரிய இந்தச் சட்டம் போதும்.

முதலில் நம்பிக்கை. அந்த ஊரில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குச் செல்வாக்கு அதிகம். எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு என்பது அவர்கள் கொள்கை, திருடனுக்குள்ளும்தான். அப்படியானால் அவனைத் திருத்த வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டாம், உறைமோர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பிறகு ஏன் கெட்டான்? சேர்க்கை சரியில்லை. பழைய சிறைகளில் சில்லறைத் திருடனையும் கொலைகாரனையும் ஒரே கூடத்தில் அடைத்திருந்தார்கள். கெட்ட பால் ஒரு கரண்டி விழுந்தால் பானை முழுக்கத் திரியுமே! ஆகவே தனியாக வை, மூடி வை, காத்திரு. மனம் வருந்தித் திருந்துவான்.

அடுத்து கட்டடம். ஜான் ஹாவிலண்ட் என்பவர் வரைந்தார்: நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து வண்டிச்சக்கர ஆரக்கால்போல ஏழு நீண்ட கட்டடங்கள். நடுவில் நிற்கும் காவலர், கல்யாண வீட்டில் ஏழு அடுப்புக்கு நடுவே நிற்கும் தலைமைச் சமையல்காரர் மாதிரி. திரும்பினால் போதும், எல்லாம் தெரியும்.

பிறகு அறை. ஆளுக்கு ஒன்று. வெளிச்சம் கூரையிலுள்ள சின்னக் கண்ணாடித் திறப்பு வழியாக மட்டும். அண்ணாந்தால் வானம், வேறு காட்சி இல்லை. பின்பக்கம் மதில் சூழ்ந்த ஒரு குட்டி முற்றம். அங்கே நாளுக்கு ஒரு மணி நேரம் நடக்கலாம்.

அப்புறம் மூடி. வெளியே கூட்டிப்போக நேர்ந்தால் தலையில் துணி முகமூடி. பெயர் கிடையாது, எண்தான். செருப்புத் தைக்கலாம், நெசவு நெய்யலாம், பைபிள் படிக்கலாம். சாப்பாடு சுவர்த் துவாரம் வழியாக வரும். அந்தச் சாப்பாட்டு வண்டியின் சக்கரத்துக்குத் தோல் சுற்றினார்கள். காவலர்கள் ஷூவுக்கு மேலே காலுறை மாட்டிக்கொண்டார்கள். ராத்திரி அடுப்படியில் பூனை நடை நடக்கிறோமே, அதேதான்.

எனக்குப் பிடித்த பகுதி கழிப்பறை. பொதுக் கழிப்பறை கட்டினால் கைதிகள் சந்தித்துக்கொள்வார்கள். எனவே அறைக்கு அறை கழிப்பறை, தண்ணீர்க் குழாய், குளிருக்குச் சூடேற்றும் ஏற்பாடு. வெள்ளை மாளிகைக்கே குழாய்த் தண்ணீர் 1833-இல்தான் வந்தது. நம்பிக்கை முற்றினால் பிளம்பரையும் வேலை வாங்கும்.

அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் வேறு சமையல். மனிதன் முழுக்கத் திருந்துவான் என்பதில் அதிகாரி எலாம் லிண்ட்ஸுக்கு நம்பிக்கையே இல்லை. சவுக்குக்குத்தான் அடங்குவான் என்றார். ஆகவே அங்கே மனிதன் பரோட்டா மாவு. பகலெல்லாம் எல்லாரும் ஒன்றாகப் பட்டறையில் வேலை, பேசினால் அடி, இரவில் மட்டும் தனி அறை. கட்டச் செலவு குறைவு, பட்டறையில் வரும்படி வேறு. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்தன.

சரி, பிலடெல்பியாவில் தயிர் உறைந்ததா? 1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் போய்ப் பார்த்தார். கட்டியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கட்டினார்கள் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மனத்தை நாள்தோறும் இப்படிக் குலைப்பது உடம்பை வதைப்பதைவிடக் கொடியது என்று எழுதினார். சமையல் தெரிந்தவர்களுக்குக் கோளாறு சட்டென்று புரியும். மூடி வைத்தால் மட்டும் போதாது, பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மனிதருக்கு அந்தச் சூடு இன்னொரு மனிதரிடமிருந்துதான் வருகிறது. அதைத்தான் முதல் வேலையாக அகற்றியிருந்தார்கள்.

1913-இல் தனிமை முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள். அதற்குள் கூட்டம் பெருகி, ஒருவருக்கான அறையில் இரண்டு மூன்று பேரை அடைக்கும் நிலை வந்திருந்தது. கைதிகளோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அறைக்கு அறை அத்தனை செலவில் குழாய் போட்டார்கள் அல்லவா? அதைத் தட்டினால் பக்கத்து அறையில் கேட்கும். கேட்டவர் திருப்பித் தட்டுவார்.