இளவட்டக் கல்லும் கர்லாக் கட்டையும்

மலாய் மொழியில் 'பிக்குல்' என்னும் சொல்லுக்குத் தோளிற் சுமத்தல் என்பது பொருள். அச்சொல்லே ஒரு நிறுத்தல் அளவைக்கும் பெயராக நின்றது. நூறு கட்டி சேர்ந்தது ஒரு பிக்குல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 60 கிலோ. ஓர் ஆள் தோளிற் சுமக்கக்கூடிய எடை யாதோ, அதுவே வாணிகத்திற்கு அளவுகோலாயிற்று. மனித உடம்பையே படிக்கல்லாகக் கொண்ட இவ்வளவை, மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின்னர் மெட்ரிக் முறைக்கு இடம் கொடுத்து மெல்ல மறைந்தது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் இன்று லிட்டில் இந்தியா எனப்படும் தெருக்கள் அவ்வளவையை நாள்தோறும் கண்டவை. மார்க்கெட் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றே அழைத்தனர். அதனை அடுத்த தெருக்களுள் ஒன்று படகோட்டிகளின் பெயரால் படவுக்காரத் தெரு எனப்பட்டது. கப்பல்கள் கரையை அணுகாமல் கடலிலேயே நங்கூரமிட்ட காலத்தில், சரக்கு தொங்கான்களில் இறங்கிக் கரைக்கு வரும். கரையிலிருந்து கிடங்குக்கு மனிதத் தோளில் ஏறிச் செல்லும். அரிசி, பருப்பு, வெங்காயம், பாக்கு எல்லாம் அவ்வழி வந்தவையே. இன்று அச்சரக்கு வேலை எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குப் பெயர்ந்துவிட்டது. கடைத்தெருவில் மூட்டையை லாரி கொணர்கிறது. தள்ளுவண்டி உள்ளே சேர்க்கிறது. கல்லாவில் அமர்ந்திருப்பவர் காலைமுதல் இரவுவரை தூக்கும் மிகப் பெரிய பாரம் கணக்குப் புத்தகமாக இருக்கலாம்.

இதனை ஏக்கத்தோடு நோக்க வேண்டுவதில்லை. மூட்டை சுமந்தது உழைப்பே அன்றிப் பயிற்சி அன்று. பயிற்சியில் பாரத்தைத் தூக்குபவர் தாமே தேர்கிறார். ஓய்வையும் தாமே வகுத்துக்கொள்கிறார். சுமையாளுக்கு இவ்விரண்டு உரிமையும் இல்லை. நாற்பது வயதில் முதுகு வளைந்தவர் தோளில் நாளும் ஒரே பக்கமாக ஏறிய மூட்டை அவரை வலியவராக்கியதைவிட விரைவாக முதியவராக்கியது. எனினும் அவ்வுழைப்பு போன இடத்தில் வேறொன்றும் வந்து நிரம்பாமற் போனதே இன்றைய இடர்.

அவ்விடர் எத்தகையது என்பதை மலேசியச் சுகாதார அமைச்சின் ஆய்வொன்று காட்டுகிறது. 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய உடல்நல ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, அதாவது மக்கள் வழக்கில் இனிப்பு நீர், இருப்பதாகக் கண்டனர். இந்தியரை மட்டும் தனியே நோக்கினால் அவ்விகிதம் நூற்றுக்கு 31.4. ஏறத்தாழ மூவருள் ஒருவர்! உணவு, பரம்பரை, உடற்பருமன் எனக் காரணங்கள் பலவாயினும், தசைக்கு இதில் உள்ள பங்கு பலர் அறியாதது. இன்சுலினின் ஏவலால் இரத்தத்தைவிட்டு வெளியேறும் சர்க்கரையில் பெரும்பகுதி சென்று சேரும் இடம் எலும்பைப் பற்றிய தசைகளே. தசை குறைந்தால் அக்கொள்கலம் சிறுத்துவிடுகிறது. மேலும், வேலை செய்யும் தசை இன்சுலினின் ஏவலை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆகவே பளு தூக்குதல் என்பது மேடையில் புயங்காட்ட விரும்புவோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே மாறவேண்டும்.

தமிழர்க்கு உடல்வலிமை புதிதன்று. ஆமூர் மல்லனைப் பொருது வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 80 முதல் 85 வரை அமைந்துள்ளமையை ஆசிரியர்கள் அறிவர். பல்லவன் முதலாம் நரசிம்மன் தாங்கிய மாமல்லன் என்னும் பட்டமும் மற்போரைச் சார்ந்ததே. ஆனால் இவை அரசர் புகழ். ஊர்ப்பொதுவில் எளிய மக்கள் போற்றிய வலிமையை அறிய இரண்டு பொருள்களை நோக்கவேண்டும். ஒன்று இளவட்டக் கல்; மற்றொன்று கர்லாக் கட்டை.

இளவட்டம் என்பது இளைஞரைக் குறிக்கும் வழக்குச்சொல். கல் உருண்டையாக இருத்தலால் அப்பெயர் வந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. இளைஞர் தூக்கும் கல் என்பதே பொருள். தென்பாண்டி நாட்டு ஊர்கள் பலவற்றில் இக்கல் ஊர்ப்பொதுவிடத்தில் கிடக்கும். அதனைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பர் என்னும் பேச்சால் கலியாணக் கல் என்றும் பெயர் உண்டு. நூறு கிலோவைத் தாண்டும் கற்களும் உள. கல் வழவழப்பாக இருக்கும். கைப்பிடிக்க இடம் இராது. குந்தி அணைத்து, முழங்காலுக்கும் தொடைக்கும் ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்புறம் எறிதல் வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி இக்கல் தூக்கும் போட்டி அண்மை ஆண்டுகளிலும் நடந்துவருகிறது. பெண்களும் அங்கே கல் தூக்கியுள்ளனர்.

கர்லாக் கட்டை இதற்கு முற்றும் வேறானது. அடி பருத்து, பிடி சிறுத்த மரக்கட்டை அது. தோளைச் சுற்றியும் முதுகின் பின்னும் அதனைச் சுழற்றுவர். சிறிய கட்டையில் தொடங்கி, சுழற்சி பழகியபின் பெரியதற்குச் செல்வர். எடை மட்டுமின்றி நீளமும் இதில் கணக்கு. பாரம் கையினின்று தொலைவில் இருப்பதால், எடை குறைந்த கட்டையும் நீளமாயின் தோளுக்கு மிகுந்த வேலை தரும். இந்தியாவில் இதனைக் கண்ட ஆங்கிலப் படையினர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று 'இந்தியன் கிளப்' என்று பெயரிட்டனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது. நம் கட்டை அங்கே சென்று பட்டம் பெற்றது. நம் வீடுகளில் அது கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது.

கல் சோதனை, கட்டை பயிற்சி. கல்லுக்கு ஒரே எடை. தூக்க இயலும், அல்லது இயலாது; இடைப்பட்ட நிலை அங்கே இல்லை. கட்டைக்கோ படிகள் உண்டு. நினைவில் நிற்பது கல்தான். கதையாகவும் திரைப்படக் காட்சியாகவும் வளர்ந்ததும் அதுவே. படிமுறையை நாம் மறந்துவிட்டோம். இன்று புதிதாக உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞன் முதல் வாரத்திலேயே அருகிலிருப்பவன் தூக்கும் எடையைத் தூக்க முயன்று தோளைப் பிசகவைத்துக்கொள்வதும், நாற்பது கடந்தவர் அதனைப் பார்த்து அஞ்சி வாயிலோடு திரும்புவதும் இம்மறதியின் விளைவுகளே.

படிமுறையை அறிவியல் அடிப்படையில் நிறுவியவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்க்கு அதுவரை சிறு பாரத்தைப் பலமுறை தூக்கச் செய்யும் பழக்கமே இருந்தது. அவர் பாரத்தை மிகுத்து, எண்ணிக்கையைக் குறைத்தார். 1945இல் அதன் பயனை வெளியிட்டார்; 1948இல் வாட்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து முறையைச் சுருக்கித் தந்தார். ஒருவர் பத்துமுறை மட்டும் தூக்கவல்ல எடையை முதலில் காணவேண்டும். அதில் பாதியைப் பத்துமுறை, முக்காலைப் பத்துமுறை, முழு எடையைப் பத்துமுறை தூக்கவேண்டும். வலிமை கூடுந்தோறும் அந்த முழு எடையைச் சிறிது உயர்த்தவேண்டும். இவ்வளவே. அளவுகோல் பிறர் தூக்கும் எடை அன்று. தூக்குபவரின் சென்ற வாரத்து எடை. இன்று உலகெங்கும் வழங்கும் முறைகள் பலவும் இதன் கிளைகள்.

கிளைகள் எவை என்று விரிக்கப் புகுந்தால் முடிவில்லை. வேண்டுவதை மட்டும் சொல்லலாம். மிகு பாரத்தை மூன்று முதல் ஐந்துமுறை தூக்கி நீண்ட ஓய்வு கொண்டால் வலிமை சிறப்பாக வளரும். நடுத்தரப் பாரத்தை எட்டு முதல் பன்னிரண்டுமுறை தூக்கினால் தசை திரளும். சிறு பாரமாயினும் இனி இயலாது என்னும் நிலையை நெருங்கும்வரை தூக்கினால் தசை வளரவே செய்யும்; ஆகவே கூடத்திற்குச் செல்ல வழியில்லாதவரும் தண்டால், பஸ்கி ஆகியவற்றால் பயன்பெறலாம். முதற்சில வாரங்களில் எடை விரைந்து ஏறுவது கண்டு தசை திரண்டுவிட்டது என்று மகிழ்வோர் உளர். உண்மையில் அப்போது பழகுவது பெரிதும் நரம்பு. இருக்கும் தசையை ஒருங்கே ஏவ அது கற்றுக்கொள்கிறது. தசை பின்னரே தொடர்கிறது. இந்த இடைவெளியில்தான் கண்ணாடியைப் பார்த்துச் சலித்துப் பலர் விட்டுவிடுகின்றனர்.

எத்தனை நாள் என்பது அடுத்த ஐயம். ஒரு நாள் முழுதும் புயத்திற்கே, மறுநாள் நெஞ்சிற்கே எனப் பகுத்துச் செய்யும் முறை மேடை ஏறுவோருடையது. வாரத்தில் இரண்டு மாலை மட்டும் ஓய்வு கிடைக்கும் ஓர் ஆசிரியர்க்கு அது பொருந்தாது. ஒரு வாரம் தவறினால் உடம்பின் ஒரு பகுதியே விடுபட்டுப்போகும். அவர் குந்தி எழுதல், தரையிலிருந்து பாரம் எடுத்தல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல் ஆகிய ஐந்தையும் ஒரே மாலையில் செய்து, இடையில் இரண்டு நாள் விட்டு மீண்டும் செய்வது நலம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறியும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளேனும் வேண்டும் என்றே கூறுகிறது.

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் தான் ஹோவ் லியாங் மூன்று தூக்கல்களில் 380 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர்க்கு எடையே இலக்கு. போட்டியிடாதவர்க்கு எடை கருவி மட்டுமே. இலக்கு வாழ்வில் வேறிடத்தில் இருக்கும். ஆதலால் அதனை அளக்கும் வழியும் வேறாதல் வேண்டும். எளிய அளவுகள் சில உள்ளன. கைப்பிடியின் வலிமை அவற்றுள் ஒன்று. மலேசியாவும் இந்தியாவும் உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து நோக்கி 2015இல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலிமை 5 கிலோ குறையுந்தோறும் இறப்புக்கான வாய்ப்பு நூற்றுக்கு 16 கூடியது. கைப்பிடி உயிரைக் காக்கிறது என்பதன்று இதன் பொருள். உடம்பின் பொதுநிலைக்கு அஃது ஓர் அறிகுறி. அதனினும் எளிது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பில் கட்டி, நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமர 12 வினாடி அல்லது அதற்குமேல் ஆனால் உடலின் இயக்கத்திறன் குறைந்துள்ளது என்று ஆசிய மருத்துவக் குழுவொன்று 2019இல் வரையறுத்தது. கடைத்தெருவில் எந்தக் கடையிலும் நாற்காலி உண்டு, செலவில்லை.

முதுமையில் இனி என்ன பயன் என்போர்க்கு 1990இல் பாஸ்டனில் கண்டது விடையாகும். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதினர் பதின்மருக்கு எட்டு வாரம் காற்பயிற்சி அளித்தனர். முடித்தவர் ஒன்பதின்மர். அவர்தம் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு! பெண்கள் பாரம் தூக்கலாகாது என்னும் நம்பிக்கைக்கும் மறுப்பு உண்டு. மாதவிடாய் நின்று, எலும்பு நலிந்த 101 பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. தக்கார் மேற்பார்வையில் வாரம் இருமுறை, அரைமணி நேரம், எட்டு மாதம் மிகு பாரம் தூக்கியோரின் இடுப்பு முதுகெலும்பு நூற்றுக்கு 2.9 பங்கு அடர்த்தி பெற்றது. இலேசான பயிற்சி செய்தோர்க்கு அது குறைந்தது. இரத்த அழுத்தமோ இதயநோயோ உடையவர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். யாராயினும் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளலாகாது. அழுத்தம் திடீரென ஏறும். இனிப்பு நீருக்கு மருந்தோ இன்சுலினோ கொள்வோர்க்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை மிகத் தாழக்கூடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

பினாங்கில் வாழ்வோர்க்கு இயல்பாகவே ஓர் இலக்கு அமைந்திருக்கிறது. தைப்பூசத்தில் லிட்டில் இந்தியாவிலிருந்து தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குச் செல்கிறது. மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் படிகள் ஐந்நூறுக்கு மேல். இவ்வாண்டு பத்திடத்தில் நின்று ஏறியவர் அடுத்த ஆண்டு மூன்றிடத்தில் மட்டும் நின்று ஏற எண்ணினால், அஃது எந்தப் பதக்கத்திற்கும் குறைந்த இலக்கு அன்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். முதலில் குந்தி எழுதல். பின் ஒரு முழங்கால் உயரப் பலகையில் ஏறி இறங்குதல். அதன்பின் இருகையிலும் ஐந்து கிலோ அரிசிப் பையொன்றைப் பற்றி அதனையே செய்தல். பழகப் பழகப் பையைப் பெரிதாக்கல். ஏறுவதைவிட இறங்குவதில் கருத்து வேண்டும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கித் தடுக்கிறது. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொள்ளச் செய்யும் வலி பெரும்பாலும் அதனால் வருவதே. எனவே பலகையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் மனத்துள் மூன்று எண்ணி மெல்ல இறங்கப் பழகுதல் வேண்டும்.