கடன் அறிக்கைக்கும் ஒரு பூட்டு

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் கோப்பை யார் எப்போது திறந்தாலும் அது கணினியில் பதிவாகும். "இந்தப் பகுதியை இன்னார் பார்க்கக்கூடாது" என்று நோயாளி கேட்பதற்கும் ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுச் சுகாதாரத் தகவல் சட்டம் இடம் கொடுக்கிறது. தாதியாக வேலை செய்யும் எனக்கு இது அன்றாட விஷயம்.

ஆனால் நம் ஒவ்வொருவருக்கும் இன்னொரு கோப்பும் இருக்கிறது. முதல் கடனட்டை எடுத்த நாளிலிருந்து அது வளர்கிறது. ஈக்குவிஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் அதை வைத்திருக்கின்றன. நமது பெயர், பிறந்த திகதி, விலாசம், கடன்கள், கட்டிய தவணை, கட்டத் தவறிய தவணை எல்லாம் அதில் உண்டு. இதுவே கடன் அறிக்கை.

திருடனுக்கு அந்தக் கோப்பே தேவையில்லை. உங்கள் பெயர், பிறந்த திகதி, விலாசம், சின் நம்பர் ஆகிய நான்கும் போதும். அவற்றை வைத்து உங்கள் பெயரில் கடன் கேட்பான். வங்கி உங்கள் அறிக்கையைப் பார்க்கும். ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று நம்பிக் கொடுத்துவிடும். பில் வேறு விலாசத்துக்குப் போகும். நீங்கள் ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீட்டுக்கு மோட்கேஜ் கேட்டு வங்கியில் உட்காரும்போதுதான் உண்மை தெரியவரும்.

இதைத் தடுக்க வந்ததுதான் 'முடக்கம்'. உங்கள் அறிக்கையை நீங்களே பூட்டிவிடுகிறீர்கள். புதிய கடன் கொடுக்க நினைக்கும் நிறுவனத்துக்கு அறிக்கை கிடைக்காது. அறிக்கை பார்க்காமல் பெரும்பாலும் யாரும் கடன் கொடுப்பதில்லை. உங்களுக்கே கடன் தேவைப்படும்போது பூட்டைச் சில நாட்களுக்குத் திறக்கலாம். இதனால் உங்கள் கடன் புள்ளி குறையாது.

அமெரிக்காவில் 2017இல் ஈக்குவிஃபக்ஸின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்து சுமார் 147 மில்லியன் பேரின் விபரங்களை எடுத்தார்கள். அதில் கனடியர்கள் ஏறக்குறைய 19,000 பேர். அடுத்த ஆண்டே அங்கு புதிய சட்டம் வந்தது. 2018 செப்டெம்பர் 21 முதல் அமெரிக்கா முழுவதும் முடக்கம் இலவசம். தொலைபேசியிலோ இணையத்திலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பூட்டவேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் திறக்கவேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காகப் பெற்றோரும் கேட்கலாம்.

கனடாவில் இதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாகாணம் கியூபெக். அங்குள்ள டெஜார்டான் நிதி நிறுவனத்தில் ஒரு ஊழியரே குறைந்தது 26 மாதங்களாக வாடிக்கையாளர் விபரங்களை எடுத்து வந்தது 2019இல் வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 9.7 மில்லியன் பேர். 2020இல் சட்டம் நிறைவேறியது. 2023 பெப்ரவரி 1 முதல் கியூபெக் மக்கள் இலவசமாக முடக்கம் கேட்கலாம்.

நமது ஒன்ராறியோவும் முடக்கத்துக்கான சட்டத்தை 2018இல் நிறைவேற்றியது. 2023 டிசம்பரில் அதே துறைச் சட்டத்தை மறுபடியும் திருத்தியது. ஆனால் சட்டம் நிறைவேறுவது ஒன்று, மக்கள் கைக்கு அது வந்து சேர்வது வேறொன்று. கியூபெக்கிலேயே அதற்கு இரண்டு வருடங்களுக்கு மேல் எடுத்தது. ஆகவே இரண்டு நிறுவனங்களையும் அழைத்து, "ஒன்ராறியோவாசியான எனக்கு முடக்கம் போடமுடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். எங்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்கலாம். அவர் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்.

காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. இரண்டு நிறுவனங்களிடமும் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுங்கள். நீங்களே எடுப்பதால் புள்ளி குறையாது. சந்தேகம் இருந்தால் 'மோசடி எச்சரிக்கை' போடச் சொல்லுங்கள். அதைப் பார்க்கும் வங்கி, விண்ணப்பித்தவர் நீங்கள்தானா என்று உறுதிசெய்யவேண்டும். முடக்கமானாலும் எச்சரிக்கையானாலும் இரண்டு இடத்திலும் போடவேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால், முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டதுபோல.

நம் வீடுகளுக்கென்றே சில விஷயங்கள் உண்டு. அப்பாவின் பெயர் சிலருக்குக் குடும்பப் பெயர், சிலருக்கு முதற்பெயர். ஒரே ஆளின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. இதனால் ஒருவருடைய கடன் இன்னொருவருடைய அறிக்கையில் ஏறிவிடலாம். களவு நடக்காவிட்டாலும் பிழை இருக்கலாம். பிழையைக் கண்டால் எழுத்தில் முறையிடுங்கள். அதை விசாரிப்பது அவர்களின் கடமை.

சின் நம்பரை வேலை கொடுப்பவருக்கும், வட்டி தரும் வங்கிக் கணக்குக்கும் கொடுக்கத்தான் வேண்டும். வீட்டு வாடகைக்கோ கைத்தொலைபேசிக்கோ கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பிளாஸ்டிக் சின் அட்டை கொடுப்பது 2014இலேயே நின்றுவிட்டது. ஆனால் நம் அம்மம்மா, அப்பப்பா பலர் அதை இன்னும் பேர்சில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். தெரிந்த ஆள் கேட்டார் என்று அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு.

தம்பி தங்கைகளே, வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே இந்த வேலையும் உங்களுடையது. வருகிற சனிக்கிழமை ஒரு மணி நேரம் அம்மா அப்பாவோடு உட்காருங்கள். அவர்களுடைய அறிக்கைகளையும், 18 வயதானவர்கள் தங்களுடையதையும் எடுத்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். தெரியாத கடனோ தெரியாத விலாசமோ இருந்தால் அன்றைக்கே அழையுங்கள். பேர்சில் சின் அட்டை இருந்தால் வெளியே எடுத்து வீட்டு அலுமாரியில் பூட்டி வையுங்கள்.